வீட்டிலேயே கோல்ட் புளூயிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு ஷெட். அதில் ஒரு பழைய லேத், ஒரு பெஞ்ச் வைஸ், அலமாரி நிறைய அரம். பிழைப்புக்கு வேறு வேலை இருக்கிறது, இது ஞாயிற்றுக்கிழமைப் பித்து. நான் செய்த டி-நட்டையும் (இயந்திர மேசையின் பள்ளத்தில் நுழைகிற டி வடிவ நட்) கிளாம்பையும் பார்த்தவர்கள் "இந்தக் கறுப்பு எப்படி வந்தது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இங்கே பேசுவதெல்லாம் கைக்கருவிகள், இயந்திர உதிரிகள், போல்ட், நட் பற்றித்தான்.

கோல்ட் புளூயிங் என்றால் என்ன?

சுத்தமான இரும்பின் மேல், அடுப்பு எதுவும் இல்லாமல், ஒரு திரவத்தைப் பஞ்சால் தடவிக் கறுப்பாக்குவது. தடவின அரை நிமிடத்தில் வெள்ளையாக மின்னுகிற இரும்பு கருமேகம் போல மாறும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கத்திரிக்காய்த் தோல் மாதிரி ஒரு நீலச்சாயல் தெரியும், நன்றாகப் பாலிஷ் செய்திருந்தால் மட்டும்.

பட்டறைகளில் பிளாக்கனிங், பிளாக்கோடைசிங் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஜாப் ஒர்க் பட்டறையில் செய்வது பெரும்பாலும் சூட்டு முறை: காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த தொட்டி, சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதித்துக்கொண்டிருக்கும். அதில் இரும்பின் மேல்தோலே மாறி மாக்னடைட் ஆகிறது. மூன்று இரும்பு அணுவுக்கு நான்கு ஆக்சிஜன் அணு சேர்ந்த அதே காந்தக்கல்தான், சேலத்துப் பக்கம் கஞ்சமலையில் பாறையோடு பாறையாகக் கிடக்கிறதே, அது. இரும்பிலிருந்தே முளைத்த தோல் என்பதால் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கோல்ட் புளூயிங்கில் இரும்பு கறுப்பாவதில்லை. இரும்பின் மேல் வேறொரு கறுப்புப் பொருள், காப்பர் செலினைடு, வந்து படிகிறது. முன்னது தோல், பின்னது மை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை உங்களுக்கே தெரிந்துவிடும்.

பாட்டிலில் இருப்பது என்ன?

கடையில் கிடைக்கும் பெரும்பாலான திரவங்களில் முக்கியமானவை மூன்று: செலினியம் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து உண்டான செலினஸ் அமிலம், ஒரு செம்பு உப்பு, கூடவே கொஞ்சம் வேறொரு அமிலம். செம்பு உப்பு என்றால் நம் ஊர் மயில்துத்தம் மாதிரி.

பள்ளிக்கூடத்தில் மயில்துத்தக் கரைசலில் ஆணியை முக்கியது ஞாபகம் இருக்கிறதா? ஆணி மேல் செம்பு சிவப்பாகப் படியும். இங்கேயும் அதே கதைதான். இரும்பு கரைந்து செம்பை வெளியே தள்ளுகிறது, ஆனால் பக்கத்திலேயே செலினியம் காத்திருப்பதால் இரண்டும் சேர்ந்து கறுப்பாகப் படிகின்றன. செலினியத்தை 1817-இல் ஸ்வீடனில் பெர்சீலியஸ் கண்டுபிடித்து நிலவின் கிரேக்கப் பெயரை வைத்தார். நிலாப் பெயர் கொண்ட ஒன்று இவ்வளவு கறுப்பைத் தருவது வேடிக்கைதான்.

செலினியம் டை ஆக்சைடு பொடி வாங்கி நானே கலக்கலாமா?

வேண்டாம். பொடி பறந்தால் மூக்கு, கண், நுரையீரல் மூன்றுக்கும் கெடுதல். கலந்த பாட்டிலையே வாங்குங்கள்.

இது போட்டால் துரு பிடிக்காதா?

பிடிக்கும். தனியாக விட்டால் சாதா இரும்பைவிட ஏதோ கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். படிந்த கறுப்பு நுண்ணிய துளைகள் உள்ளது. அந்தத் துளைகளில் எண்ணெய் தங்குவதால்தான் பாதுகாப்பு. சென்னை, தூத்துக்குடி போலக் கடல்காற்று அடிக்கும் ஊராக இருந்தால் இதை மட்டும் நம்பி வெளியே வைக்கும் பொருளுக்குப் போடாதீர்கள். பெயின்ட் அடியுங்கள், அல்லது ஜிங்க் பிளேட்டிங் கொடுங்கள்.

அப்படியானால் எதற்குத்தான் இது? பளபளப்பு கண்ணில் அடிக்காமல் இருக்க. ஸ்கேலில் வெட்டிய கோடுகள் தெளிவாகத் தெரிய. அரைத்துச் சரிசெய்த ஒரு மூலையை மற்ற கறுப்போடு சேர்த்துவிட. அப்புறம், சொல்லத்தான் வேண்டும், அழகுக்கு.

எந்த இரும்பு ஏற்கும்?

எம்.எஸ். (சாதாரண மைல்ட் ஸ்டீல்), இ.என். 8 (நடுத்தரக் கார்பன் இரும்பு), சில்வர் ஸ்டீல் (எவர்சில்வர் அல்ல, கார்பன் அதிகமுள்ள கருவி இரும்பு) எல்லாம் நன்றாக ஏற்கும். வார்ப்பிரும்பும் ஏற்கும், ஆனால் அதிலுள்ள கிராஃபைட் காரணமாகக் கை கறையாகிக்கொண்டே இருக்கும், துடைத்துத் துடைத்து அலுத்துப்போகும். கடினப்படுத்திய இ.என். 31 மாதிரி குரோமியம் கலந்த இரும்பு மெதுவாகவும் வெளிறியும் ஏற்கும். வெல்டிங் செய்த பொருளில் வெல்ட் ஒரு நிறம், தாய் இரும்பு ஒரு நிறம், இதற்கு மருந்து கிடையாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏற்காது. அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம் திரவத்தை உள்ளே விடாது. அலுமினியத்துக்கு வேறு திரவம் இருக்கிறது, இது உதவாது.

கடையில் வாங்கிய வெள்ளை போல்ட்டை அப்படியே முக்குவது புதியவர்கள் செய்கிற தவறு. அது ஜிங்க் பூசியது. திரவம் ஜிங்க்கைத் தின்றே தீர்ந்துபோகும், புகையும் நல்லதல்ல. பூசாத போல்ட் கேட்டு வாங்குங்கள்.

சுத்தம் செய்வதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள்?

ஏனென்றால் வேலையில் முக்கால் பங்கு அதுதான். பாட்டில் எந்தக் கம்பெனி என்று கேட்கிறவர்கள், சுத்தம் எப்படிச் செய்தாய் என்று ஏனோ கேட்பதில்லை.

முதலில் துரு. லேசான துரு என்றால் எமரி பேப்பரே போதும். 180 நம்பரில் ஆரம்பித்து 320, 400 என்று போங்கள், நம்பர் கூடக் கூட எமரி நயமாகும். ஒரே திசையில் தேயுங்கள், புளூயிங் எந்தக் கீறலையும் மறைக்காது, எடுத்துக் காட்டும். நிறையத் துரு என்றால் வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். கடையில் விற்கும் துரு நீக்கிகளில் சில பாஸ்பாரிக் அமிலம் உள்ளவை. அவை இரும்பின் மேல் ஒரு சாம்பல் படலத்தை விட்டுப்போகும், அதை எமரியால் எடுக்காமல் புளூயிங் செய்தால் திட்டுத்திட்டாகத்தான் வரும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தொடாதீர்கள். அதன் ஆவி ஷெட்டில் உள்ள மற்ற எல்லாக் கருவியையும் துருவாக்கும். மூடி சரியாக மூடாத ஒரு பாட்டிலை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். ஒரு வாரத்தில் மேல்தட்டில் இருந்த டிரில் பிட் எல்லாம் காவி உடுத்திவிட்டன. போதாக்குறைக்கு, கடினப்படுத்திய ஸ்பிரிங் போன்றவற்றில் ஆசிட் உண்டாக்கும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பின்னால் பட்டென்று முறிய வைக்கும்.

அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கு. பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, காய வைத்து, அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் அழுக்கு வருவது நிற்கும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் வேண்டாம், அதுவே ஒரு பிசுக்கை விட்டுப்போகும். மரை உள்ள துளைகளில் ஒளிந்திருக்கும் கட்டிங் ஆயில்தான் பெரிய எதிரி. மேலே சுத்தமாக இருக்கும், திரவம் தடவியதும் துளையிலிருந்து ஒழுகி வந்து காரியத்தைக் கெடுக்கும். துளைக்குள் அசிட்டோன் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்துவிடுங்கள்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி: மேலே தண்ணீர் ஊற்றுங்கள். ஒரே தாளாக விரிந்து நின்றால் சரி. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டால் மறுபடியும் சோப்பு. இதற்குப் பிறகு வெறும் கையால் தொடக்கூடாது.

சரி, தடவும் முறையைச் சொல்லுங்கள்.

நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பொருளை வெந்நீரில் போட்டு எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் துடைத்துக் காய வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த இரும்பைவிட இளஞ்சூட்டு இரும்பு சீராக ஏற்கும். திரவத்தைத் தேவையான அளவு ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியில் ஊற்றிக்கொண்டு பாட்டிலை மூடிவிடுங்கள். மூடியில் மிஞ்சியதை எக்காரணம் கொண்டும் பாட்டிலில் திரும்ப ஊற்றாதீர்கள். இரும்பு கரைந்த திரவம் சேர்ந்தால் மொத்தப் பாட்டிலும் வீண்.

பஞ்சை நன்றாக நனைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிற்காமல் ஒரே இழுப்பாகத் தடவுங்கள். பஞ்சு காயக்கூடாது, பாதியில் நின்றால் அங்கே ஒரு கோடு விழும். முதலில் சாம்பல், பிறகு பழுப்பு கலந்த நீலம், பிறகு கறுப்பு என்று ஓடும். முப்பது நொடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் தண்ணீரில் கழுவிவிடுங்கள். நிறைய நேரம் விட்டால் நிறையக் கறுக்கும் என்பது தப்புக்கணக்கு. பாத்திர அடிக்கரி மாதிரிப் பொலபொலவென்று படிந்து, துடைத்ததும் துணியோடு போய்விடும்.

காய வைத்து, எண்ணெய் நீக்கிய மிக மெல்லிய ஸ்டீல் உல்லால் பூப்போலத் தேயுங்கள். மேலே ஒட்டாத கரி போய், ஒட்டியது மட்டும் நிற்கும். மறுபடியும் தடவுங்கள். மூன்று முதல் ஐந்து சுற்று. முதல் சுற்றில் அசிங்கமாகத்தான் இருக்கும், மனம் தளர வேண்டாம். மூன்றாவதில் சேர்ந்து வரும்.

கடைசிச் சுற்று முடிந்ததும், ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து பொருளை ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். மிச்சமுள்ள அமிலம் அடங்கும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, உடனே காய வைத்து, எண்ணெயில் மூழ்க வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். கறுப்பு ஆழமாவதை மறுநாள் காலையில் பார்ப்பீர்கள்.

எந்தத் தண்ணீரில் கழுவுவது?

சிறுவாணித் தண்ணீர் வருகிற அன்றைக்கு எனக்குக் கவலையில்லை. போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும், கறுப்பு மேல் அவை பளிச்சென்று தெரியும். கடைசிக் கழுவலுக்கு மட்டும் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பு நிறமாக வருகிறதே?

திரவம் பழசாகி செலினியம் தீர்ந்திருக்கும், செம்பு மட்டும் படிகிறது. புதிதாக ஊற்றிப் பாருங்கள். புதுத் திரவத்திலும் அப்படி என்றால், ஒரே சுற்றில் அதிக நேரம் விடுகிறீர்கள் அல்லது பிசுக்கு இருக்கிறது. எமரி போட்டு முதலிலிருந்து தொடங்குவதே சுருக்கு வழி, மேலே மேலே தடவிச் சரிசெய்ய முடியாது.

நன்றாகத்தான் வந்தது, மறுநாள் காவிப் புள்ளி. ஏன்?

பெரும்பாலும் அமிலம் முழுக்கப் போகவில்லை. மரைகளிலும் வெட்டுகளிலும் தங்கிவிடும். சோடா தண்ணீரில் பிரஷ் போட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் வியர்வை. என் முதல் டி-நட்டில் பெருவிரல் ரேகை அப்படியே துருவாக எழும்பியிருந்தது, ஆதார் சென்டரில்கூட அவ்வளவு தெளிவாக விழவில்லை. எண்ணெய் போடுவதற்கு முன் "சும்மா ஒரு தரம்" எடுத்துப் பார்த்ததன் பலன்.

மூன்றாவதை எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை. ஆயுத பூஜைக்கு வைஸ், கிளாம்ப் எல்லாவற்றுக்கும் அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்தார். சந்தனம் ஈரத்தோடு இரண்டு நாள் அப்படியே இருந்தது. துடைத்தபோது ஒவ்வொரு பொட்டுக்கும் கீழே காலணா அளவுக்குத் துரு வட்டம். இப்போதெல்லாம் கறுப்புப் போட்ட கருவிகளுக்கு எண்ணெயில் குழைத்த குங்குமம் மட்டும்தான். அம்மாவிடம் காரணம் சொல்லிப் புரியவைக்க ஒரு வருடம் ஆனது.

எந்த எண்ணெய்? தேங்காயெண்ணெய் போடலாமா?

தையல் மெஷின் எண்ணெய் போன்ற மெல்லிய மினரல் ஆயில் போதும். தேங்காயெண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும், தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும், அதில் உண்டாகும் கொழுப்பமிலம் இரும்புக்கும் நல்லதல்ல. எடுத்துப் புழங்காமல் கிடக்கும் பொருளுக்கு எண்ணெய்க்கு மேல் மெழுகு தேய்க்கலாம்.

அளவு மாறுமா? பேரிங் உட்காருமா?

உட்காரும். சூட்டு முறையிலேயே படலம் ஒன்றிரண்டு மைக்ரான் அளவுதான். ஒரு தலைமயிர் கிட்டத்தட்ட 70 மைக்ரான். உங்கள் எமரி பேப்பர் தின்றது இதைவிட அதிகமாக இருக்கும். ஆனால் ஒன்றோடொன்று உரசும் பரப்புகளில் கோல்ட் புளூயிங் நிற்காது. ஸ்லைடு, லீட் ஸ்குரூ, ஷாஃப்ட் இவற்றில் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

விஷமா?

ஆம். செலினியம் உடம்புக்குத் துளியினும் துளி தேவை, அதற்கு மேல் நஞ்சு. தோல் வழியாகவும் கொஞ்சம் உள்ளே போகும். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி, மூன்றும் வேண்டும். சூடு செய்யவே கூடாது. பொருளைச் சூடாக்கலாம் என்று சொன்னது வெந்நீர்ச் சூடு, திரவத்தை அடுப்பில் வைப்பதல்ல. பிளீச்சிங், ஆசிட் எதனோடும் கலக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், குடிக்கிற பாட்டில் எதிலும் ஊற்றாமல் வையுங்கள். குளிர்பானப் பாட்டிலில் கெமிக்கல் ஊற்றி வைக்கும் நம் ஊர்ப் பழக்கம் எத்தனை வீட்டில் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

செலினியம் அதிகம் போனால் மூச்சில் பூண்டு வாடை வரும். வீட்டில் தினம் பூண்டு ரசம் என்றால் இந்த அடையாளத்தை நம்ப முடியாது, கையுறையை நம்புங்கள்.

மிஞ்சிய திரவத்தை என்ன செய்வது?

சாக்கடையில், செடியில், கிணற்றோரத்தில் ஊற்றாதீர்கள். நொய்யல் ஏற்கெனவே போதுமான அளவு வாங்கிவிட்டது. நல்ல வேளையாக, பஞ்சால் தடவும் முறையில் ஒரு வேலைக்குச் சில மில்லிதான் செலவு. முதல் கழுவலை மட்டும் ஒரு டப்பாவில் பிடித்து, பயன்படுத்திய பஞ்சையும் சேர்த்து, பெயர் எழுதி மூடி வையுங்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு உள்ள பிளேட்டிங் யூனிட் யாராவது தெரிந்தவர் இருந்தால் ஒப்படைத்துவிடலாம். என்னிடம் ஒரு கேனில் கால் பங்குகூட நிரம்பவில்லை.

சூட்டு முறையை வீட்டில் செய்யக்கூடாதா?

கூடாது. 140 டிகிரியில் இருக்கும் காஸ்டிக்கில் ஈரமான ஒரு நட் விழுந்தால் தண்ணீர் நொடியில் ஆவியாகி, காஸ்டிக்கோடு முகத்தில் தெறிக்கும். பத்துப் பதினைந்து பொருள் சேர்த்துக்கொண்டு பிளாக்கனிங் பட்டறைக்குக் கொண்டு போங்கள். கிலோ கணக்கில் வாங்கிக்கொள்வார்கள், உங்கள் பாட்டில் செலவைவிடக் குறைவாகவே முடியும்.

செலினியமே வேண்டாம், வேறு வழி?

இருக்கிறது, நேரம் இருந்தால் நான் அதைத்தான் செய்வேன். துருவை வைத்தே கறுப்பாக்குவது. சுத்தம் செய்த இரும்பில் வினிகரும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் சிட்டிகை உப்பும் கலந்து தடவினால் கண்முன்னே மெல்லிய சிவப்புத் துரு எழும்பும். அதை டிஸ்டில்டு வாட்டரில் இருபது நிமிடம் கொதிக்க வையுங்கள், சிவப்பு கறுப்பாக மாறியிருக்கும். மேலே நிற்கும் வெல்வெட் மாதிரிப் பொடியை ஸ்டீல் உல்லால் தேய்த்துவிட்டு மறுபடி துரு, மறுபடி கொதி. ஐந்தாறு சுற்று, ஒரு முழு ஞாயிறு போய்விடும். ஆனால் கிடைப்பது மை அல்ல, தோல்: நிஜ மாக்னடைட். சமையல் பாத்திரத்தில் மட்டும் செய்யாதீர்கள்.

சின்ன ஸ்குரூக்களுக்குச் சூட்டு நிறம் அழகு. பித்தளைத் துருவலைத் தட்டில் பரப்பி, ஸ்குரூ தலையை மேலே நிற்க வைத்துக் கீழே தீ கொடுத்தால் வைக்கோல் நிறம், ஊதா என்று போய், 300 டிகிரியை ஒட்டி நீலம் வரும். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். கண்ணை எடுத்தால் சாம்பல். கடினப்படுத்திய வெட்டுக்கருவிக்கு இது வேண்டாம், இந்தச் சூட்டில் அதன் கடினம் இறங்கிவிடும்.

அரிவாள்மணைக்குப் போடலாமா?

சாப்பாடு தொடும் எதற்கும் வேண்டாம். அதற்கு வாழைக்காயே போதும். நறுக்கிய கையோடு அலகு கறுக்கிறதல்லவா? வாழைக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சினதும் இதே வித்தைதான்.

துப்பாக்கிக்கு?

இந்தத் திரவம் பிரபலமானதே துப்பாக்கிகளால்தான். இந்தியாவில் அது 1959 ஆயுதச் சட்டத்துக்குள் வருகிற சங்கதி. உரிமம் உள்ள உங்கள் துப்பாக்கியை உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

பிடிக்கவில்லை, எடுத்துவிட வேண்டும். எப்படி?

400 எமரியைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் சில நிமிடத்தில் வெள்ளை இரும்பு வந்துவிடும். காய்ந்த எமரி வேண்டாம், அந்தக் கறுப்புத் தூளில் செலினியம் இருக்கிறது. தேய்த்த சேற்றை ஈரத்துணியால் வழித்து, துணியையும் அதே கேனில் போடுங்கள்.